இடித்துரைக்கும் கேண்மை



நட்பு மக்கட்கு உறுதி பயப்பதென்பது எல்லார்க்கும் ஒப்ப முடிந்தது. ஆயின், அந்நட்பின் பயன் யாதென வினவுங்கால் விடைகள் பலவாகின்றன. இடுக்கண் வந்துழி உதவுதல் என்பர் சிலர். தனிமை நீங்கி மகிழ்தல் என்பர் சிலர். மறை காத்தல் என்பர் வேறு சிலர். தெய்வப்புலமைத் திருவள்ளுவர் பொருட்பாலில் நட்பு முதற் கூடாநட்பு ஈறாக ஐந்து அதிகாரங்களை, 79 முதல் 83 வரை, ஒருங்கே நிறுவினார். அவற்றுள் முதலதிகாரத்தே, ஒருவனோடு நட்புச் செய்தற்குக் காரணமாக அவர் எடுத்தோதியது, அவன் வரம்பு கடந்து செல்லுங்கால் விரைந்து முற்பட்டு இடித்துரைத்தலையேயாம். நட்பாராய்தலிலும், அழும்படி சொல்ல வல்லாரைத் தேடிக் கொள்க என்றே விதித்தார். ஈண்டுப் பரிமேலழகர், தகாததைச் செய்யக் கருதியவழி வருந்துமாறு சொல்லி விலக்குதலும், செய்துவிட்டவழிப் பின்னும் அது செய்யாவாறு இடித்தலும் எனக் காலம்பற்றிப் பகுத்துக் காட்டிய நயம் ஓர்ந்துணரற்பாலது.

அற்றேல், அறத்துப்பாலில் இனியவைகூறலைத் தனியதிகாரமாக வைத்து, இன்சொல் இருப்ப வன்சொல் வழங்குவாரைப் பழத்தை விடுத்துக் காயைப் பறிப்பாரோடு ஒப்பிட்டிகழ்ந்த ஆசிரியர், பொருட்பாலில் அவ்வன்சொல்லையே நட்பிற்கு இலக்கணமாக்குதல் மாறுகொளக் கூறலாகாதோ எனின், ஆகாது. இன்சொல்லின் இலக்கணம் வகுக்குமிடத்து அவர் ஓசையினிமையை வேண்டினாரல்லர். அன்பு கலத்தல், வஞ்சமின்மை, உண்மை கண்டார் வாயினின்று பிறத்தல் ஆகிய மூன்றையே வேண்டினார். இம்மூன்றும் அமைந்தவழிக் கேட்பான் நெஞ்சு சுடினும் அது இன்சொல்லே. இவற்றுள் ஒன்று குறையினும், செவிக்குத் தேனாய் இருப்பினும், அது இன்சொல் ஆகாது. முகமன் மொழிந்து காரியங் கொள்வார் சொல்லை இன்சொல்லென்று மயங்குதல் உலகில் மிகுதி. யாம் அறிந்தவரையில், செல்வர் வாயிலிலும் அதிகாரிகள் வாயிலிலும் மாத்திரமன்று, கற்றோர் அவையிலும் அம்மயக்கம் குறைவாகவில்லை.

இனி, ஒருவன் தன் குற்றத்தைத் தானே கண்டு திருந்தலாகாதோ, பிறனொருவன் இடித்துரைத்தல் எற்றுக்கு என்று வினவலாம். இவ்வினாவிற்கு நம் சித்தாந்த சாத்திரம் தரும் விடை போல வேறெங்கும் தெளிவான விடை கிடைப்பது அரிது. உமாபதிசிவனார் திருவருட்பயனில் இருண்மலநிலை கூறுங்கால், புறவிருளையும் ஆணவவிருளையும் ஒப்பிட்டு, புறவிருள் பிறபொருளை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்கும், ஆணவமோ பிறபொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்று வேறுபாடு தெரித்தருளினார். இருட்டறையுள் இருப்பான் ஒருவன், ஒன்றும் காணாவிடினும், இருள் இருக்கின்றது என்பதையேனும் அறிவான். அறிந்து விளக்குத் தேடுவான். ஆணவத்துட்பட்டவனோ, மறைப்பு உண்டென்பதையே அறியான். தன் பார்வை தெளிந்ததென்றே எண்ணுவான். ஆகலின் அவன் விளக்குத் தேடுதற்கும் இடமில்லை. உயிரின் இயல்பு காட்டக் காண்பதென்பது நம் நூற்றுணிபு. முடிந்த நிலையில் காட்டுவோன் இறைவனே. குருவடிவிற் காட்டுவதும் அவனே. அத்துணை உயர்ந்த காட்சிக்கு முன்னர், நாள்தோறும் நிகழும் சிறு பிழைகளை நமக்குக் காட்டுவான் ஒருவன் வேண்டுமன்றோ? அவனே நண்பன்.

காட்டுதற்குக் காலமும் இடமும் உண்டு. யாம் மடத்திற் பாடங்கேட்ட நாளில் கண்ட வழக்கொன்று நினைவிற்கு வருகின்றது. ஒருவர் நூலியற்றி அரங்கேற்றப் புகுமுன், உடன் பயில்வார் சிலர் இரவில் அவர் அறைக்கு வந்து ஏடு வாங்கிப் படித்து, வழூஉச்சொல்லையும் பொருள் முரணையும் முகத்துக்கு நேரே சொல்வர். சில வேளை குரலுயர்ந்து பூசலும் உண்டாம். வேறு சிலர் அப்போது நன்று நன்று என்று தலையசைத்துவிட்டு, அரங்கேற்றத்தன்று அவை நடுவே எழுந்து அதே வழுவை எடுத்துக்காட்டித் தடை நிகழ்த்துவர். இருவர் சொன்னதும் ஒரே உண்மை. ஆயினும் முன்னவர் சொல் பிழையை நீக்கியது. பின்னவர் சொல் பிழைத்தானை நாணுறுத்தியது. உண்மை சொல்லிவிட்டேன் என்பது மாத்திரம் ஒருவனை நண்பனாக்கிவிடாது என்பதற்கு இது போதும்.

இனிப் பழைய இலக்கியத்துட் புகுவோம். நட்பதிகாரத்தில் 784-ஆம் குறள் இடித்துரைத்தலைக் கூற, அதனையடுத்த 785-ஆம் குறள், பலகாற் கண்டு பழகுதல் வேண்டா, ஒத்த உணர்ச்சியே நட்பாம் உரிமை தரும் என்று கூறுகின்றது. பின்னதற்கு எடுத்துக்காட்டாகப் பரிமேலழகர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் காட்டினார் என்பது மாணாக்கரும் அறிந்தது. ஆனால் அச்சோழன் வரலாற்றிலேயே முன்னைக் குறட்கு வேண்டும் எடுத்துக்காட்டும் உண்டென்பதைப் பலரும் நோக்குவதில்லை. 1894-ல் உ. வே. சாமிநாதையரவர்கள் அச்சிட்டு வெளிப்படுத்திய புறநானூற்றில், 213-ஆம் பாட்டாக அது நிற்கின்றது. கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மேற் சினந்து போர்க்கெழுந்தபோது, புல்லாற்றூர் எயிற்றியனார் அவன்முன் நின்று பாடியது அது.

அப்பாட்டின் பொருளை ஆராயின் இடித்துரையின் முறை முழுதும் அதனுள் அடங்கியிருத்தல் புலனாம். எயிற்றியனார் மைந்தரைக் குற்றமற்றவர் என்று வாதாடினாரல்லர். வேந்தனைக் கொடியன் என்று பழித்தாருமல்லர். எதிர்த்து வந்தவர் பகையரசரல்லர், நின் மக்களே என்னும் உண்மையை முதலில் நிறுத்தினார். பின்னர், இப்போரில் அவர் தோற்பின் நினக்குப்பின் நின் செல்வத்தை யார்க்கு வைத்துச் செல்வாய் என்றார். நீ தோற்பின் நின்னை இகழும் பகைவர் மகிழ்வர் என்றார். வெற்றி தோல்வி என்னும் இரு வாயிலையும் இவ்வாறு அடைத்துவிட்டு, மூன்றாவதொரு வாயிலைத் திறந்தும் காட்டினார்: போரொழிக, விண்ணோர் விரும்பி எதிர்கொள்ளுமாறு நல்வினையை நோக்கி விரைந்தெழுக என்பது அது. குற்றங்காட்டி அவ்வளவில் நின்றுவிடுவார் பலர். செல்லும் வழியையும் உடன் காட்டுவார் சிலரே. படை திரண்டு, முரசு முழங்கி, சினம் தலைக்கேறி நிற்கும் வேந்தன் முன்னே இதனைச் சொல்லுதற்கு வேண்டிய துணிவு எத்தகையது என்பதையும் நினைக்க. சொல்லியவாறே, சோழன் போரொழிந்தான். பின் வடக்கிருந்து உயிர்நீத்தான்.

அவனைக் காணாமலே கேண்மை பூண்ட பிசிராந்தையார், நம் பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினர். அவ்வூரை இராமநாதபுரப் பகுதியில் வைத்துரைப்பாரும் உளர். வடக்கிருந்த சோழன்பால் உரிய காலத்தே வந்து உடன் உயிர்நீத்தவர் என்ற அளவிலே அவரை உலகம் நினைக்கின்றது. அவர் தம் சொந்த நாட்டு வேந்தனாகிய பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் செவியறிவுறுத்திய 184-ஆம் பாட்டையும் உடன் நினைத்தல் வேண்டும். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி யானைக்குக் கொடுத்தால் சிறு நிலமும் பல நாளைக்கு உணவாகும். யானை தானே வயலுட் புகுந்தால், நூறு வயலாயினும், அது உண்பதினும் அதன் காலாற் கெடுவதே மிகுதியாம். அவ்வாறே நெறியறிந்து வரி கொள்ளும் அரசன் நாடு தழைக்கும், ஆரவாரமுடைய சுற்றத்தோடு கூடி அன்புகெடப் பறிப்பவன் தானும் உண்ணான், நாடும் கெடும் என்பது அதன் கருத்து. வரிக்கொடுமையை வரிகொள்ளும் வேந்தனிடமே சென்று உரைத்தார். மன்றிலே நின்று பிறர் கேட்கத் தூற்றவில்லை. அவ்வாந்தையாரே, தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணங் கூறிய 191-ஆம் பாட்டில், மனைவியும் மக்களும் ஏவலரும் ஊர்ச்சான்றோரும் நல்லராயிருத்தலோடு, தம் வேந்தன் தகாதன செய்யாது காத்தலையும் ஒரு காரணமாகக் கூட்டிச் சொன்னார். கடிந்துரைக்க வல்ல நாவே நன்றியோடு புகழவும் வல்லதாயிருந்தது. கடிதலை மட்டும் அறிந்த நாவை ஐயுறுதலே தக்கது என்பது எம் கருத்து.

எயிற்றியனார் சொல்லைக் கேட்டான் சோழன். கேளாதவன் கதை நம் சேதுக்கரையிலேயே கிடக்கின்றது. இராவணனைச் சைவ நூல்கள் இருவகையாகக் கூறும்: கயிலையை எடுக்கப் புக்கு அடர்ப்புண்டவன் என்றும், அடர்ப்புண்டபின் இசைபாடி வாளும் பெயரும் பெற்றவன் என்றும். அவன் கயிலையை நோக்கி ஊர்ந்த தேரின் பாகன் ஒருவனைத் திருநாவுக்கரசு சுவாமிகள் நான்காந்திருமுறையில் தசபுராணத் திருப்பதிகத்தே நமக்குக் காட்டியருளினார். கயிலைமேல் இத்தேர் செல்லாது, நின் வீரத்தைக் கைவிடுக, இங்கு விரைதல் அறமன்று என்று அப்பாகன் சொன்னான். இராவணன் அவனை முனிந்தான். அமைச்சரும் படைத்தலைவரும் சொல்லாததை ஊதியம் பெறும் ஏவலாளன் ஒருவன் சொன்னான். அவன் சொன்னதன் பெருமை யாதெனின், அவனும் அத்தேரிலேயே இருந்தான் என்பது. தேர் வீழின் தலைவனோடு தானும் வீழ்வான். அந்நிலையில் நின்று சொல்லிய சொல்லை அச்சத்தாற் பிறந்ததென்று தள்ளுதல் எளிது. இராவணன் அவ்வாறே தள்ளினான். பாகன் பெயர் எந்நூலிலும் சிறக்கவில்லை. ஆயினும் அரசு சுவாமிகள் திருவாக்கில் அவன் சொல் நிலைபெற்றது.

இரண்டாமுறை அவனுக்கு இடித்துரைத்தவன் உடன்பிறந்தானாகிய விபீடணன். பிறன்மனை விடுக என்று அவைநடுவே சொல்லி, இகழப்பட்டு, துரத்தப்பட்டு, கடல்கடந்து வந்தான். இராமேச்சுரத்திற்கும் தனுக்கோடிக்கும் இடையே மணல்வெளியில் நிற்கும் கோதண்டராமர் கோயில் அவன் அடைக்கலம் புக்க இடமாகப் போற்றப்படுகின்றது. 1964 டிசம்பர் மாதப் புயலில் தனுக்கோடி நகரம் அழிந்தபோதும் அக்கோயில் எஞ்சி நின்றது. கும்பகருணனும் அதே உண்மையைத் தமையனுக்குச் சொன்னவனே. அவன் சொல்லும் ஏறாமையின், செஞ்சோற்றுக் கடன் கழிக்கப் போர்க்களம் புக்கு மாண்டான். பிரிந்தவன் அன்பனோ, பிரியாது மாய்ந்தவன் அன்பனோ என்று பட்டிமண்டபம் வைப்பாருளர். எமக்கு அவ்வழக்கில் விருப்பமில்லை. மூவர் மூன்று காலத்தே ஒரே உண்மையைச் சொல்லியும் ஒருவன் கேளாதொழிந்தான் என்பதே ஈண்டு வேண்டுவது. இலங்கையில் இடித்துரைப்பார் இல்லாமற் போகவில்லை; கேட்பான் இல்லாமற் போனான். பின்னர் அவனைச் சூழ நின்றவர் அவன் விரும்பியதையே சொன்னார்கள். இராவணவதத்தால் வந்த பழி தீர இராமன் வழிபட்ட இடமென்றே ஞானசம்பந்தரும் அப்பரும் இராமேச்சுரத்தைப் பாடியருளினர். கேளாச் செவியொன்று விளைத்த அழிவினை, வென்றவனும் கழுவவேண்டியதாயிற்று.

அத்திருக்கோயிலுள்ளேயே அண்மைக்காலத்து நிகழ்ந்த ஒன்றையும் ஈண்டுக் குறித்தல் பொருந்தும். சேதுபதி மன்னர் பாஸ்கரர், விவேகாநந்த சுவாமிகள் பரிவிராசகராய்த் தென்னாட்டிற் சுற்றிவந்த 1892-ஆம் ஆண்டிலே அவரோடு நட்புப் பூண்டவர். அமெரிக்கா சென்று சமயப்பேரவையில் பேசுமாறு ஊக்கியவர்களுள் ஒருவர். சுவாமிகள் 1893-ல் சிகாகோவிற் புகழெய்தி, 1897 ஜனவரி 26-ஆம் நாள் இலங்கையினின்று பாம்பனில் வந்திறங்கியபோது, மன்னர் எதிர்சென்று வணங்கி வரவேற்றார். சுவாமிகள் அமர்ந்த வண்டியை மக்களோடு தாமும் கைபிடித்து இழுத்தார். அத்துணை மதிப்புச் செய்த மன்னர்முன், மறுநாள் இராமேச்சுரத் திருக்கோயிலிற் பேசுமாறு வேண்டப்பட்ட விருந்தினர் யாது பேசுவர்? தலத்தின் பெருமை, பிராகாரத்தின் நெடுமை, சேதுபதிகளின் கொடை ஆகியவற்றைப் பேசுவர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். பேசினும் பொய்யாகாது, அவையாவும் உண்மையே.

சுவாமிகள் அவற்றை எடுத்துக்கொண்டாரல்லர். புறவழிபாடு அகத்தூய்மைக்கு அடையாளமேயன்றி அதுவே முடிபன்று என்றார். வறியரிடத்தும் நோயரிடத்தும் மெலியரிடத்தும் சிவனைக் காண்பவனே மெய்யாக வழிபடுபவன், திருவுருவிடத்து மாத்திரம் காண்பவன் தொடக்கநிலையில் நிற்பவன் என்றார். தோட்டத்தலைவன் முன் கைகூப்பி அவன் முகவழகைப் புகழ்ந்து கூத்தாடும் சோம்பனையும், வாய்பேசாது உழைத்துக் கனியும் காயும் கொணர்ந்து தரும் ஆளையும் எடுத்துக்காட்டி, தலைவன் உவப்பது யாரை என்று வினவினார். தன்னலமுடையான் எல்லாத் தலங்களையும் வலம்வந்தாலும் சிவனுக்கு அகன்றே நிற்பான் என்றும் கூறினார். பாரதநாடெங்குமிருந்து யாத்திரை வருவார் திரளும் பெருங்கோயிலுள், அக்கோயிலைப் பரம்பரையாகப் புரந்த மன்னர் முகத்துக்கு முன்னே, விருந்துண்ட ஈரம் உலராமுன் சொல்லிய சொல் இது.

சுவாமிகளின் வேதாந்தக் கொள்கை நமக்கு முழுதும் உடன்பாடன்று. ஆலயவழிபாட்டின் நிலையை அவர் வகுத்த முறையிலும் சித்தாந்திகட்குச் சொல்லவேண்டுவன உள. சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் மெய்யடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுமாறு ஒருங்கே விதித்தது; ஒன்றைத் தொடக்கமென்றும் மற்றொன்றை முடிபென்றும் அது பகுத்திலது. ஆயினும், கோயிலுக்கு ஒன்று ஈந்தால் அது நடமாடும் அடியார்க்குச் சென்று சேராது, அடியார்க்கு ஈந்தால் அது கோயிலிலுள்ள இறைவனுக்கும் சேரும் என்று திருமூலதேவ நாயனார் முன்னரே அருளியிருத்தலின், சுவாமிகள் கூறியதன் உட்கருத்து நமக்குப் புதியதன்று. மன்னரும் அதனைக் குறையாகக் கொண்டு வருந்தினாரல்லர், சினந்தாரல்லர். மறுநாளே ஆயிரக்கணக்கான வறியவர்க்கு உணவும் உடையும் வழங்கினார். சுவாமிகள் பாம்பனில் வந்திறங்கிய இடத்தில் நினைவுத்தூணும் நாட்டினார். சொல்லியவர் திறமும் கேட்டவர் திறமும் ஒருங்கொத்து நின்ற இடம் இது. நட்பிலே இடித்துரைப்பவனைப் புகழ்வார் பலர்; இடியைத் தாங்கும் நண்பனைப் புகழ்வார் இலர். அத்தாங்குதலும் நட்பின் பாதியே.

இராமேச்சுரத்திற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னர் வந்த மற்றிரு நண்பரை இனி நினைவோம். சேரமான்பெருமாள் நாயனாரும் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் பாண்டிநாட்டுத் தலங்களை உடன்சென்று வணங்கியபோது இராமேச்சுரத்தையும் தொழுதனர்; சுந்தரர் அங்கிருந்தே கடலுக்கப்பாலுள்ள மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்தைப் பாடியருளினார். 1985-ல் மூன்றாகப் பிரிவதற்குமுன் இராமநாதபுரம் ஜில்லாவிற் சேர்ந்திருந்த திருச்சுழியலும் கானப்பேரும் அவர்கள் அடி தோய்ந்த ஊர்களே. அச்சுந்தரர் வாழ்விலோ, கடுமொழியால் விளைந்த நன்மை போல வேறெவர் வாழ்விலும் காண்டலரிது.

திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தே அடியார் பலர் குழுமியிருப்ப, சுந்தரர் அவர்களுக்கு அடியனாகும் நாள் எந்நாளோ என்று உள்ளத்தே உருகியவராய், ஆயினும் புறத்தே அவர்களை அணுகி வணங்காது, ஒருபால் ஒதுங்கிச் சென்றார். அங்கிருந்த விறன்மிண்ட நாயனார், மலைநாட்டுச் செங்குன்றூரினர், அதனைக் கண்டு பொறுத்தாரல்லர். வன்றொண்டன் இவ்வடியார் கூட்டத்திற்குப் புறம்பு, அவனை ஆண்ட சிவனும் புறம்பு என்றார். இதனினும் கடிய சொல் உண்டோ? இறைவனால் தடுத்தாட்கொள்ளப்பட்டு, தம்பிரான் தோழர் என உலகம் போற்றும் ஒருவரை, அவர் உள்ளத்தன்பை ஓராது, புறச்செயலொன்று பற்றி இத்துணைக் கடிந்துரைத்தல் முறையோ என்று ஐயுறுவார் உளராயின், பின் நிகழ்ந்ததை நோக்குக. சுந்தரர் தம் உள்ளக்கருத்தை எடுத்துரைத்து வழக்காடினாரல்லர். இறைவனே முதலெடுத்துக் கொடுப்ப, அடியார் ஒவ்வொருவர்க்கும் தாம் அடியன் என்று திருத்தொண்டத்தொகை பாடினார். அதன் முதற்றிருப்பாட்டிலேயே விறன்மிண்டரையும் வைத்தார். அத்தொகை நம்பியாண்டார்நம்பி அருளிய திருவந்தாதிக்கு முதலாகி, அவ்வந்தாதி சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்திற்கு வழியாயிற்று. விறன்மிண்டர் அன்று நாகரிகங் கருதி வாளா இருந்திருப்பின், நமக்குப் பெரியபுராணம் ஏது?

ஏயர்கோன் கலிக்காம நாயனார் வரலாறு இதற்கு மறுபுறம். பரவையார்பால் இறைவனைத் தூதுபோக்கினார் சுந்தரர் என்று கேள்வியுற்ற கலிக்காமர் பெருஞ்சினங்கொண்டார். அச்சினமும் சிவன்பால் வைத்த பேரன்பினின்றே பிறந்தது. ஆயினும் அவர் சுந்தரரை நேரே கண்டு உரைத்திலர்; காணின் யாது விளையுமோ என்று உள்ளே கனன்றிருந்தார். சொல்லாது உள்ளடக்கிய உண்மை பகையாய் முற்றியது. இறைவனே சூலைநோய் தந்து, அதனைத் தீர்க்கச் சுந்தரரையே விடுக்க, அவரால் தீர்தலினும் இறத்தல் நன்றென்று கலிக்காமர் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். அதுகண்ட சுந்தரரும் அவ்வாளையே பற்றினார். அப்போதே உயிர்த்தெழுந்த கலிக்காமர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நண்பராதற்கு இத்துணை வேண்டியிருந்தது. ஆரூரில் ஒரு சொல்லால் முடிந்தது, பெருமங்கலத்தில் இரு உயிரைக் கேட்டது.

இனி, இக்கேண்மையின் உயர்நிலையாகிய சகமார்க்கத்தை நோக்குவோம். சரியை முதலிய நான்கனுள் யோகம் தோழமைநெறியாகக் கூறப்படும். அதற்கு எடுத்துக்காட்டாவார் சுந்தரர். அவர்க்கும் இறைவனுக்கும் உளதான நட்பு வன்மொழியிலேயே தொடங்கியது என்பது அன்பர் அறிவர். திருவெண்ணெய்நல்லூரில் அடிமைவழக்கிட்டு வந்த முதியவரைப் பித்தன் என்று வைதார். வைத சொல்லையே பாட்டிற்கு முதலாக வைத்துப் பாடுமாறு இறைவன் பணித்தான். வன்மை பேசியதனால் வன்றொண்டன் என்று பெயரும் தந்தான். தோழன் கூறும் வன்சொல்லைத் தான் ஏற்றவன், தோழனுக்குத் தானும் வன்மை காட்டத் தவறவில்லை. திருவொற்றியூரில் மகிழின்கீழ்ச் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுற்ற சுந்தரர், ஆரூர் வசந்தவிழாவை நினைந்து, சூள் பிழைத்து எல்லையைக் கடந்தார். கடந்த அளவிலே இரு கண்ணும் ஒளியிழந்தார்.

இஃது அருளோ, ஒறுப்போ? நம் நூல்கள் ஒறுப்பையும் அருளென்றே கூறும். ஒன்றை அறக்கருணை என்றும் ஒன்றை மறக்கருணை என்றும் பெயரிட்டு, கருணை என்னும் சொல்லை ஈரிடத்தும் நிறுத்தும். சொன்ன நெறியில் நில்லாத மக்களைத் தந்தைதாயர் அடித்துத் திருத்துதலைச் சிவஞானசித்தியார் உவமையாக்கிற்று. ஐந்தொழிலுள் மறைத்தலும் இவ்வாறே. திரோதானசத்தி மலத்தைத் தொழிற்படுத்தி அது பரிபாகமுறுமாறு நின்று உதவலின், உமாபதிசிவனார் சிவப்பிரகாசத்தில் அதனையும் மலமென்று எண்ணியது உபசாரமாத்திரையே. இயல்பால் அது அருளே, மலம் முதிர்ந்தவழி அருட்சத்தியாய் விளங்குவதும் அதுவே. கடியும்போது பகைபோலத் தோன்றி, கடியப்பட்டவன் தெளிந்தபின் அன்பென விளங்கும் நண்பன் சொல்லுக்கு இதனினும் சிறந்த மூலம் வேண்டுவதில்லை.

மறக்கருணையாதல் எவ்வாறு அறியப்படும் என்பதற்கும் அவ்வரலாற்றிலேயே விடையுண்டு. கண்ணிழந்த சுந்தரர் தடுமாறித் திருவெண்பாக்கம் அடைந்து, கோயிலுள் நீர் இருக்கின்றீரோ என்று வினவ, இறைவன் தான் உள்ளிருத்தலைச் சொல்லி, ஊன்றுகோல் ஒன்று தந்து, செல்லுமாறு விடுத்தான். சுந்தரர் அவனை நொந்து பாடினார், பாடியும் நடந்தார். காஞ்சியில் இடக்கண் பெற்றார். ஆரூரில் வலக்கண் பெற்றார். கண்ணை வாங்கியவன் ஊன்றுகோலையும் தந்தான்; வைதுகொண்டே நடந்த தோழனுக்குக் காஞ்சியிலும் ஆரூரிலும் முன்சென்று காத்திருந்தான்.